மேனி நிறமும் மாதிரி ஒளிப்படமும்: மின்னோவியத்தில் முகம் தீட்டிப் பழகும் முறைகள் பற்றிய ஓர் ஆய்வு

ஒளிப்படத்தைப் பார்த்து முகம் தீட்டிப் பழகுபவர் எதைக் கற்கிறார் என்னும் கேள்வி, ஒளிப்படக் கருவி சென்னைக்கு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு முதற்கொண்டே ஓவியர்களிடையே இருந்துவருகிறது. முகத்தின் அமைப்பையும் அதன்மேல் ஒளி விழும் போக்கையும் கற்கிறார் என்பது ஒரு விடை. கருவி செய்த பிழைகளையே கைப்பழக்கமாக்கிக்கொள்கிறார் என்பது மறு விடை. கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் மின் எழுதுகோல் கொண்டு வரையும் மின்னோவியம் பரவிய பிறகு, மாதிரிப் படமும் வரைதளமும் ஒரே திரையில் அருகருகே அமைந்துவிட்டதால், படத்திலுள்ள நிறத்தை ஒரு தொடுதலில் எடுத்துத் தூரிகைக்குக் கொடுப்பது எளிதாகி, பழைய கேள்வி புதிய கூர்மை பெற்றிருக்கிறது.

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைத் துறைமுக, ஆலைப் பகுதி இக்கேள்வியை ஆராய்வதற்குப் பொருத்தமான களம். இங்கே முக ஓவியம் கண்காட்சிக் கூடத்தைவிட வீட்டுச் சடங்குகளோடும் தெருவோடும் நெருக்கமானது: இறந்தவருக்கான படத்திறப்பு, தெருமுனை நினைவஞ்சலி பேனர், காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கட்சித் தலைவரின் பிறந்தநாள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் தேவைப்படுகிறது. அதற்கென வரைபவரிடம் தரப்படுவது பெரும்பாலும் அடையாள அட்டைப் படமாகவோ, திருமணக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டாகவோ, கைப்பேசியில் பலமுறை பகிரப்பட்டுத் தெளிவிழந்த படமாகவோ இருக்கும். படத்திலிருப்பவரோ படகிலும் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்து வெயிலில் கருத்த மேனியர். பயிற்சி நூல்களும் காணொளிகளும் வெளிர் மேனியையே பெரிதும் எடுத்துக்காட்டாகக் கொள்வதால், அவற்றின் விதிகள் இம்முகங்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

நிறமற்ற படத்திலிருந்து நிறம் கண்டவர்கள்

மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, ஐரோப்பியக் கல்விமுறையைப் பின்பற்றியது; உயிருள்ள மாதிரியை நேரில் பார்த்து வரைவது அக்கல்விமுறையின் அடிப்படைப் பயிற்சி. ஒளிப்படம் அம்முறையில் துணைக்கருவி, ஆசான் ஆவதில்லை. ஆனால் பள்ளிக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. 1873இல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் நாயர் பெண்ணின் ஓவியத்துக்காக முதற்பரிசு பெற்ற இரவிவர்மா (1848–1906) ஒளிப்படங்களையும் பயன்படுத்தினார் என்பதை அவரைப் பற்றிய ஆய்வுகள் பொதுவாக ஏற்கின்றன. ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் மெல்லிய வண்ணம் பூசும் கைத்தொழிலும், எதிர்மத் தகட்டின்மேல் பென்சிலால் முகத்தைச் சீர்செய்யும் டச்சிங் வேலையும் வழக்கத்தில் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் திரைப்பட பேனர் ஓவியர்கள் இந்த வரிசையில் முக்கியமானவர்கள். கையளவான ஸ்டில் படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பல அடி உயரத் துணியில் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு கட்டமாக முகத்தை நிரப்பினார்கள். பிரேமிண்டா ஜேக்கப் 2009இல் வெளியிட்ட 'செல்லுலாய்ட் டெய்டீஸ்' என்னும் நூல் சென்னையின் இந்தத் தொழில்மரபை விரிவாகப் பதிவுசெய்கிறது. அவர்களின் பயிற்சியைப் பற்றி இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கையிலிருந்த படம் பல காலம் கறுப்பு வெள்ளையாகவே இருந்ததால், எந்த இடம் இருண்டது, எந்த இடம் வெளிச்சமானது என்பதை மட்டுமே அது சொன்னது; நிறத்தை ஓவியர்தாம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கன்னத்தில் ரோஜாச் சிவப்பு, நிழலில் நீலமோ பச்சையோ என்னும் துணிச்சலான தீர்வுகள் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. ஃபிளெக்ஸ் அச்சு இரண்டாயிரங்களில் பரவி அத்தொழிலை ஏறக்குறைய ஒழித்தபோது, ஒளியளவைப் படத்திலிருந்தும் நிறத்தை அறிவிலிருந்தும் எடுக்கும் அந்தப் பிரிவினையும் கூடவே மறைந்தது. இன்று பழகுபவரிடம் இருப்பது வண்ணப் படம். அவர் இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுக்கிறார்.

நிறத்தை எங்கிருந்து எடுப்பது

இக்கேள்விக்கு இன்று புழக்கத்திலுள்ள விடைகளை மூன்று நிலைப்பாடுகளாகக் காணலாம். முதலாவது, ஐட்ராப்பர் என்னும் நிறம் உறிஞ்சும் கருவியால் படத்திலிருந்தே நிறத்தை எடுப்பது. இதன் ஆதரவாளர்கள், கண் எளிதில் ஏமாறும் என்பதைக் காரணமாகக் காட்டுகின்றனர். அது வலுவான காரணமே: அருகிலுள்ள நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றிவிடுவதை பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இலேயே விளக்கியிருக்கிறார், யோசஃப் ஆல்பர்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில் அதையே பயிற்சிகளாக்கினார். ஆயினும் ஐட்ராப்பர் எடுப்பது ஒரு புள்ளியின் எண். ஒளிப்படத்தில் ஒரு புள்ளி அதன் சுற்றத்தைப் பிரதிநிதிப்படுத்துவதில்லை. பலமுறை சுருக்கப்பட்ட கைப்பேசிப் படத்தில் அடுத்தடுத்த புள்ளிகளே வேறுபட்டு நிற்கும்.

இரண்டாவது, மரபுத் தட்டு எனத்தக்கது: மேனிக்கென முன்பே வகுத்த சில நிறங்களை வைத்துக்கொண்டு எல்லா முகத்தையும் அவற்றால் தீட்டுவது. பேனர் மரபும் நாட்காட்டி ஓவிய மரபும் வார இதழ் அட்டைப்பட மரபும் இவ்வழியில் வளர்ந்தவை. வேகமும் ஒருமையும் இதன் பலம். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் போல எல்லா முகங்களும் ஒத்துப்போவது இதன் குறை.

மூன்றாவது நிலைப்பாடு, படத்தைச் சாட்சியாக மட்டும் கொண்டு, ஒளி எங்கிருந்து வருகிறது, என்ன சாயலுடையது, மேனி அதை எவ்வாறு திருப்பித் தருகிறது என்பதை ஊகித்து நிறத்தைத் தீர்மானிப்பது. கலைக்கல்லூரி மரபுக்கு நெருக்கமானது இதுவே. இருண்ட மேனியுடைய தமிழ்ப் பெண்களைப் பக்கவாட்டு ஒளியில் தீட்டிப் பெயர்பெற்ற ஓவியர் இளையராஜாவின் (1979–2021) எண்ணெய் வண்ணப் படங்கள், இவ்வழி எந்த அளவுக்கு வளமானது என்பதற்கு அண்மைக்காலச் சான்று. ஆனால் இதற்கு நேரில் பார்த்துப் பழகிய அனுபவம் முன்தேவையாகிறது. படத்திலிருந்து மட்டுமே தொடங்குபவருக்கு அது எங்கிருந்து வரும் என்பதற்கு இந்நிலைப்பாடு தெளிவான விடை சொல்வதில்லை.

படம் சொல்லும் நிறத்தின் நம்பகம்

மூன்று நிலைப்பாடுகளும் ஏதோ ஓர் அளவில் ஒளிப்படத்தை நம்புகின்றன. அந்த நம்பிக்கையின் வரலாறு இருண்ட மேனிக்குச் சாதகமானதல்ல. அமெரிக்காவின் கோடக் நிறுவனம் ஒளிப்பட அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது; 'ஷேர்லி அட்டை' எனப்பட்ட அதற்கேற்பவே வண்ண அச்சு சீர்செய்யப்பட்டதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். படச்சுருள் காலம் முடிந்த பிறகும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை என்பதற்கு, கூகுள் 2021இல் தன் கைப்பேசிகளுக்கென மேனி நிறத் திருத்தங்களைக் கொண்டுவந்ததும், சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்துப் படிநிலை மேனி நிற அளவுகோலை 2022இல் வெளியிட்டதும் சான்றுகள்.

கைப்பேசிக் கருவி செய்யும் மாற்றங்களில் இரண்டு, பழகுபவரை நேரடியாகப் பாதிப்பவை. ஒன்று, முகத்தைக் கண்டறிந்து அதன் ஒளியளவை உயர்த்துவது. இதனால் நிழலின் ஆழம் குறைந்து, மேனி இருப்பதைவிட வெளிறித் தோன்றும். மற்றொன்று வெண்சமன், அதாவது ஒளியின் சாயலைக் கணித்து அதை நீக்குவது. காட்சியின் சராசரி நிறம் சாம்பலாக இருக்கும் என்னும் எளிய அனுமானம் இக்கணிப்பின் பழைய வடிவங்களுள் ஒன்று. காசிமேட்டில் நீலத் தார்ப்பாயின் நிழலில் அமர்ந்தவரைப் படமெடுத்தால், இவ்வகைக் கணிப்பு நீலத்தைக் குறைக்கும் முயற்சியில் மேனியைச் செம்மஞ்சளாக்கிவிடக்கூடும். தார்ப்பாயிலிருந்து தாடையின்மேல் உண்மையில் விழுந்த நீலம் படத்தில் மங்கிவிடும்.

எண்ணூர்ப் பகுதியின் காற்றைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூசும் அப்பகுதியின் நெடுநாள் துயரம். ஆயினும் சில அடித் தொலைவில் எடுத்த முகப்படத்தில் தூசுமூட்டம் நேரடியாகத் தெரிவது அரிது. வானத்து நீலத்தை வெளிறச் செய்வதன் வழியே, நிழலில் விழும் ஒளியின் சாயலை அது சற்றே மாற்றக்கூடும் என்ற அளவில்தான் கூற இயலும். எண்ணூர் முகங்களை எப்போதும் சாம்பல் படிந்தவையாகவே தீட்டும் போக்கு, கவனித்ததன் விளைவு என்பதைவிடச் செய்திப் படங்களின் செல்வாக்கு என்று கொள்வதே பொருந்தும்.

நிறச்சாயலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்ற ஐயத்துக்கு ஓர் எளிய சான்று துணைபுரியும். ஒளிப்படத் தொழிலில் 1976 முதல் பயன்படும் இருபத்துநான்கு கட்ட நிற அட்டையின் முதல் இரு கட்டங்கள் 'இருண்ட மேனி', 'வெளிர் மேனி' எனப்படுபவை. அவற்றின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் முறையே ஏறத்தாழ 115, 82, 68 என்றும் 194, 150, 130 என்றும் அமைகின்றன. நிறவட்டத்தில் இரண்டின் இடத்தையும் கணித்தால் 18, 19 பாகைகளுக்கு அருகே, அதாவது ஒரே செம்மஞ்சள் சாயலில், இரண்டும் விழுகின்றன. பிரிப்பது ஒளியளவுதான். இருண்ட மேனியைத் தீட்டுவதற்கு வேறொரு நிறம் தேட வேண்டும் என்ற பரவலான எண்ணம் தவறு என்பதையும், ஒளியளவைச் சற்றே உயர்த்தினாலும் ஒருவர் வேறொருவராகிவிடுவார் என்பதையும் இது உணர்த்துகிறது. அட்டையிலிருப்பது மினுமினுப்பற்ற தட்டையான பூச்சு; தோல் அப்படியல்ல என்னும் எச்சரிக்கையோடு இச்சான்றை ஏற்க வேண்டும்.

சாம்பல் அடித்தளமா, நேரடி வண்ணமா

வண்ணம் ஏற்றும் முறையில் இரு மரபுகள் நெடுநாளாக எதிரெதிரே நிற்கின்றன. முகம் முழுவதையும் முதலில் சாம்பல் நிறத்தில் முடித்து, பிறகு அதன்மேல் வண்ணத்தை மெல்லிய படலமாக ஏற்றுவது ஒன்று. ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்திலும் ஸ்டூடியோ வண்ணப்பூச்சிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. ஃபோட்டோஷாப் 1994இல் லேயர் என்னும் அடுக்கு முறையைக் கொண்டுவந்த பிறகு, கீழடுக்கின் ஒளியளவை மாற்றாமல் நிறத்தை மட்டும் சேர்க்கும் 'கலர்' முறையும், கீழடுக்கை இருளச் செய்யும் 'மல்டிப்ளை' முறையும் இதை மிக எளிதாக்கின. ஒளியளவும் நிறமும் தனித்தனியே கற்கப்படுவதால் தொடக்கநிலையினருக்கு இதையே பரிந்துரைப்போர் பலர். ஒருவகையில், பேனர் ஓவியரிடம் இயல்பாக இருந்த பிரிவினையை இது மீட்டுத்தருகிறது.

குறை எங்கே என்றால், ஒரே பழுப்பு நிறத்தை முகம் முழுவதும் ஏற்றிவிட்டால் நிழலும் வெளிச்சமும் ஒரே சாயலில் நின்று, முகம் சாயம் பூசிய சாம்பலாகத் தோன்றும். இருண்ட மேனியில் இக்குறை பெரிதாகத் தெரிகிறது: ஒளியளவு குறையக் குறையத் திரை காட்டவல்ல செறிவின் இடமும் குறுகிவிடுவதால், நிழலில் சாயல் மாற்றமின்றி உயிர்ப்பைக் கொண்டுவருவது கடினம். நிறத்தை முதலிலிருந்தே நேரடியாக வைத்துத் தீட்டும் மறு மரபு இதைத் தவிர்க்கிறது. ஆனால் ஒளியளவில் பிழை நேர்ந்தால் நிறத்தின் கவர்ச்சியில் அது கண்ணுக்குப் படாமல் போகிறது. இரண்டில் எது விரைவாகக் கைவரும் என்பது பழகுபவரின் முன்பயிற்சியைப் பொறுத்தது என்றே கொள்ள வேண்டும்.

இழைத்தல் என்னும் சிக்கல்

ஒரு நிறம் அடுத்த நிறத்தோடு எல்லை தெரியாமல் சேரும்படி செய்வதே பிளெண்டிங் எனப்படும் இழைத்தல். பழகுபவர்கள் அதிக நேரம் செலவிடுவதும், பயிற்றுவிப்போர் அதிகம் பேசுவதும் இதைப் பற்றித்தான்.

இந்திய மரபில் இதற்கு நெடிய முன்வரலாறு இருக்கிறது. விஷ்ணுதர்மோத்தரப் புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி, நிழல்படுத்தும் முறைகளாக மூன்றைச் சொல்கிறது. இலை நரம்பு போன்ற கோடுகளாலும், மிக நுண்ணிய பூச்சாலும், புள்ளிகளாலும் அமைவன அவை. இன்றைய மின்தூரிகைகளின் வகைப்பாடும் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அதே நூல் வெளிர்மேனியில் ஐந்து வகைகளையும் கருமேனியில் பன்னிரண்டு வகைகளையும் கூறுகிறது. மழைமேகம், நீலக்குவளை, அறுகம்புல்லின் முளை என உவமைகளால் குறிக்கப்படும் அப்பட்டியலை இன்று வண்ணத் தட்டாகப் பயன்படுத்த இயலாது. என்றாலும் கருமையில் நுட்ப வேறுபாடுகள் மிகுதி என்று அந்நூலார் கருதியது, வெளிர்மேனிக்கே பல படிகளை ஒதுக்கும் தற்காலத் தட்டுகளுக்கு நேர்மாறானது.

தற்கால முறைகளில் மூன்று முதன்மையானவை. ஸ்மட்ஜ் கருவியால் நிறங்களைத் தேய்த்துப் பரப்புவது முதலாவது. தமிழ்நாட்டு ஃபிளெக்ஸ் வடிவமைப்பாளர்களிடையே 'ஸ்மட்ஜ் பெயிண்டிங்' என்றே ஒரு தனி வகை உருவாகி, ஒளிப்படத்தையே தேய்த்து ஓவியம்போலாக்கி, தலைமுடியையும் மீசையையும் மட்டும் தனிக் கோடுகளாக வரைவது வழக்கமாயிற்று. விரைவில் பலன் தரும் முறை. படத்திறப்புக்கு மறுநாளே படம் வேண்டும் என்னும்போது இதைக் குறைசொல்வது எளிதல்ல. ஆனால் படத்தின் ஒளியளவுப் பிழைகள் அப்படியே தங்கிவிடுகின்றன. தேய்த்தவர் அவற்றைப் பார்த்திருக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. பயிற்சியாக இதன் மதிப்பு குறைவு.

மென்விளிம்புத் தூரிகையால் படலம் படலமாக ஏற்றுவது இரண்டாவது முறை. மூன்றாவது, எல்லை தெரியும் தட்டையான திட்டுகளை வைத்து, இரண்டு திட்டுகளுக்கு இடையே நடுநிறத்தை எடுத்து அதையும் ஒரு திட்டாக வைத்துச் செல்வது. இழைவு இங்கே தேய்ப்பால் வராமல் திட்டுகளின் எண்ணிக்கையால் வருகிறது. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு முடிவு தேவைப்படுவதால், கண்ணுக்குப் பயிற்சி தருவதில் இதற்கே முதலிடம் தரலாம்.

இழைத்தலில் கணினியின் பங்கும் உண்டு. திரைக்கான நிற எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைந்தவை அல்ல. முழுச் சிவப்பையும் முழுப் பச்சையையும் பாதிப்பாதி சேர்த்தால், பெரும்பாலான மென்பொருள்கள் எண்களையே சராசரியாக்கி 128, 128 என்னும் மங்கிய நிறத்தைத் தருகின்றன; ஒளியைக் கணக்கிட்டுச் சேர்த்தால் வரவேண்டியது ஏறத்தாழ 188, 188. மேனியின் அண்டைநிறங்களுக்கிடையே இவ்வேறுபாடு சிறியது. உதட்டு விளிம்பு, கண்ணோரம், எதிரொளியின் நீலம் செம்பழுப்பைச் சந்திக்கும் தாடைக்கீழ்ப் பகுதி ஆகிய இடங்களில் அழுக்குப் படிந்தாற்போன்ற பட்டையாக அது வெளிப்படும். வண்ணப் பொடிகள் கலக்கும் இயல்பை விளக்க 1931இல் குபெல்கா, முங்க் இருவரும் தந்த கோட்பாட்டை மின்னோவியத்துக்கு ஏற்றதாக்கும் ஆய்வை 2021இல் சொகொரோவா, யம்ரிஷ்கா ஆகியோர் வெளியிட்டனர். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் சாம்பலாகாமல் பச்சையாகும் கலவை இதனால் திரையிலும் கிடைக்கிறது. கருவியின் பிழையைத் தம் கைப்பிழை என்று எண்ணிச் சோர்வோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ஆயினும் இழைத்தல் பற்றிய விவாதம் முழுவதற்கும் அடியில், அதிகம் கேள்விக்குள்ளாகாத ஓர் அனுமானம் இருக்கிறது: முகத்தின் உருட்சி, வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் மென்மையான இடைநிலைகளில்தான் தெரியும் என்பது. வெளிர் மேனிக்கு இது பெரிதும் பொருந்தும். தோலுக்குள் நுழைந்து சிதறித் திரும்பும் ஒளி அங்கே மிகுதி. இரத்தத்தின் சிவப்பும் அதில் தெரியும். இருண்ட மேனியில் மெலனின் அந்த உள்ளொளியின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் தோலின் மேற்பரப்பிலிருந்து நேராகத் தெறிக்கும் ஒளி, நூற்றுக்குச் சில பங்கே ஆயினும், எல்லா மேனியிலும் ஏறத்தாழ ஒரே அளவானது. ஆகவே இருண்ட மேனியில் தெறிப்பொளி ஒப்பீட்டளவில் ஓங்கி நிற்கிறது. ஐம்பொன் சிலையில் உள்ளதுபோல, நெற்றியும் கன்ன எலும்பும் மூக்குத்தண்டும் மினுமினுப்பின் வடிவத்தாலேயே உணரப்படுகின்றன. அந்த மினுமினுப்பு மேனியின் நிறத்தை ஏற்பதில்லை. வானத்தின் நிறத்தையோ விளக்கின் நிறத்தையோ ஏற்கிறது. கடலை நோக்கி நிற்பவரின் காலைநேர முகத்தில் வெளிச்சப் பக்கத்தின் மினுப்பு வெதுவெதுப்பாகவும், மறுபக்கத்தின் மினுப்பு வானின் குளிர்ந்த சாயலோடும் அமைவது இதனால்தான்.

இதை ஏற்றால், நெற்றி மஞ்சள் சார்ந்தது, கன்னம் சிவப்பு சார்ந்தது, தாடை நீலப்பச்சை சார்ந்தது என்று முகத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் பரவலான விதியின் வரம்பும் தெரியவரும். அது உள்ளொளி மிகுந்த மேனியைப் பார்த்து எழுதப்பட்டது. கூர்மையான விளிம்புடைய மினுப்புகளை மென்தூரிகையோ ஸ்மட்ஜோ கொண்டு கரைப்பது, இருண்ட முகத்தில் உருவத்தையே கரைப்பதாகும். அவ்வாறு கரைத்துவிட்டு, முகம் தட்டையாகிவிட்டதென்று மேனி முழுவதையும் வெளிறச் செய்வோர், முதற்பிழையை இரண்டாம் பிழையால் மறைக்கிறார்கள். இருண்ட முகங்களில் பழகுபவருக்கு இழைத்தலைவிட விளிம்புகளைக் காப்பதே முதற்பாடமாக அமைய வேண்டும் என்பது இங்கு எட்டப்படும் முடிவு. பயிற்சி நூல்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிவைத்திருக்கின்றன.

அச்சும் ஒப்புதலும்

எஞ்சியிருக்கும் கேள்விகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தானே நிறமேற்றும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இறந்தோர் படங்களுக்கும் பயன்படத் தொடங்கியுள்ளன. பல சாத்தியமான நிறங்களின் சராசரியை நோக்கிச் சாயும் இயல்பு அவற்றில் மங்கிய முடிவைத் தரும் என்பதை 2016இலேயே இத்துறை ஆய்வாளர்கள் கவனித்திருந்தனர். எந்தெந்த முகங்களைக் கொண்டு ஒரு கருவி பழக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் மேனி நிறம் அமையும். வடசென்னை முகங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கும்.

மற்றொன்று அச்சு. ஃபிளெக்ஸ் துணியில் மை பரவும்போது இருண்ட பகுதிகள் ஒன்றோடொன்று அடைத்துக்கொள்வதுண்டு; ஒளிவிடும் திரையில் தெளிவாக இருந்த நிழல், தாங்கியில் கட்டிய பேனரில் கறுப்புத் திட்டாகிவிடும். அதை எதிர்பார்த்து வடிவமைப்பாளர் முகத்தின் ஒளியளவை முன்கூட்டியே உயர்த்துவது தொழில்சார்ந்த நியாயமான செயல். வெளிர் மேனியை விரும்பும் சமூகப் பழக்கமும், படத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய குடும்பத்தின் விருப்பமும் அதே திசையில் இழுப்பதால், எது தொழிற்காரணம், எது விருப்பம் என்று வெளியிலிருந்து பிரித்தறிவது கடினமாகிறது. பேனருக்காக உயர்த்திய அதே கோப்பு, சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கும் போய்விடும்போது குழப்பம் நிலைபெறுகிறது. திரைக்கு ஒன்று, ஃபிளெக்ஸுக்கு ஒன்று, ஒளிப்படத் தாளுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்புகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சிறு சோதனை அச்சு எடுத்து மூல ஓவியத்தோடு ஒப்பிடும் வழக்கம் பரவினால், அச்சுக்காக ஏற்றியது எவ்வளவு, அதற்கும் மேலாக ஏற்றியது எவ்வளவு என்பதைக் கணக்கிட வழி உண்டாகும்.